ஒன்பதாம் மலையில் போட்ட மஞ்சள் உரம்

உர கேங்குக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு.

நான் அதிகம் பேசுறவ இல்லை. எழுதுறது அதைவிடக் கம்மி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படிச்சேன். அப்புறம் கூடை. கொஞ்ச வருசம் கொழுந்து எடுத்தேன், பிறகு உர கேங்குக்கு மாத்தினாங்க, கடைசியில் அந்தக் கேங்கையே மேய்க்கிற தண்டல் ஆனேன். பொம்பளைத் தண்டல்னு முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கலை.

இப்போ ஆபீஸில் கணக்கு எழுதற கிராணி, "அக்கா, புது ஆளுங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், நாலு வார்த்தை எழுதிக் குடுங்க"ன்னு கேட்டார். எவ்வளவு அளந்து போடறது, எந்த மாசம் போடறதுன்னு அவங்க சொல்லித் தருவாங்க. அதை நான் எழுதலை. ஒரு உரம் வந்த கதையை மட்டும் எழுதறேன்.

ஒன்பதாம் நம்பர் மலை உங்களுக்குத் தெரியும். ஏறும்போது முட்டி நெஞ்சில் இடிக்கும், அவ்வளவு சரிவு. எழுபதுகள் முடியற சமயம் அந்த மலை சாகக் கிடந்தது. செடி வெளுத்துப் போச்சு. கொழுந்து ரெண்டு இலை விட்டதும் நின்னுரும். யூரியா போடாம இல்லை, வருசத்துக்கு நாலஞ்சு தடவை போட்டோம். காலையில் போடுவோம். மத்தியானம் மழை கொட்டும். போட்டதெல்லாம் வாய்க்காலில் இறங்கி, ஆத்தில் சேர்ந்து, ரிங்லெட் அணைக்குப் போயிரும். மழை வராத நாளில் வெயில் அடிச்சா மூக்கெல்லாம் எரியும். அந்த வாசமும் நாங்க போட்ட உரம்தான், காத்தில் போகுது. மிச்சம் மீதிதான் செடிக்கு.

எங்க கேங்கில் முனியம்மான்னு ஒருத்தி. வாய் சும்மா இருக்காது. "நாம எங்கக்கா செடிக்குப் போடறோம்? ரிங்லெட் மீனுக்குல்ல போடறோம்"னு சொல்லுவா.

கம்பெனியில் மலையை மூடிடலாம்னு பேச்சு வந்தது. மலையை மூடினா மேல் லயத்தையும் மூடுவாங்க. அங்க இருக்கிற குடும்பங்களில் பாதி வேற டிவிஷனுக்கு, பாதி கீழ் நாட்டு ரப்பர் எஸ்டேட்டுக்கு. என் வீடு மேல் லயத்தில். முனியம்மா வீடும் எனக்கு அடுத்தது, நடுவில் ஒரு பலகைச் சுவர். அவ புருசன்கூடச் சண்டை போட்டா எனக்குக் கேட்கும். நான் இருமினா அவளுக்குக் கேட்கும். அவங்க பேரு கீழ் நாட்டுப் பக்கம், எங்க பேரு டிவிஷன் பக்கம்னு காதுக்கு வந்தது. எனக்கு இருந்த பயம் அது ஒண்ணுதான். வேற எதுவும் பெரிசாத் தெரியலை.

அப்போ மேனேஜர் பெரிய துரைக்குக் கீழே ஒரு சின்ன துரை இருந்தார். ஈப்போவில் வளர்ந்த தமிழ் ஆள், வயசு கம்மி. அவர் பெரிய துரைகிட்ட நின்னு பேசி, மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை புது உரம் போட்டுப் பார்க்கலாம்னு சம்மதம் வாங்கிட்டு வந்தார். அது சரிப்படலைன்னா மலை போச்சு. பெரிய துரை அதையும் தெளிவாச் சொல்லிட்டார்.

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் சின்ன துரை கையை விரிச்சுக் காட்டினார். உள்ளங்கையில் மஞ்சள் மஞ்சளா குண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே இருக்கிறது நீங்க தினம் தொடற அதே யூரியாதான்னார். மேலே கந்தகத்தில் ஒரு தோல். தண்ணி அந்தத் தோல் வழியா மெதுவா உள்ளே போகும், உரம் மெதுவா வெளியே வரும். செடி கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடும், மழை அள்ளிட்டுப் போக முடியாது. ஒரு தடவை போட்டா மாசக்கணக்கா வரும். குண்டை நசுக்கிப் பாருங்க, காலியா இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்னும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் பிடிச்சுக்கிட்டேன்.

முனியம்மா கேட்டா, "துரை, ஒரு தடவை போட்டாப் போதும்னா எங்களுக்கு அப்புறம் என்ன வேலை?"

எல்லார் மனசிலும் இருந்த கேள்வி அது. சின்ன துரை கோவிச்சுக்கலை. "மலை இருந்தா வேலை இருக்கும். மலை போச்சுன்னா?"ன்னார்.

முனியம்மா டின்னை எடுத்து இடுப்பில் வச்சுக்கிட்டா.

லோரி வந்து ஸ்டோரில் சாக்கை இறக்கினாங்க. இப்போ உள்ள ஸ்டோர் மாதிரி இல்லை அப்போ. தகரக் கூரை, ஈரத் தரை. எந்த உரம் வந்தாலும் நாலு நாளில் கல்லாட்டம் கட்டிக்கும். அதனால் எங்க எஸ்டேட்டில் ஒரு வழக்கம். மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டோர்க்காரர் சுப்பையா அண்ணன் சாக்கைத் தரையில் படுக்கப் போட்டு, பெரிய மரக்கட்டையால் சாத்துவார். அப்புறம் நாங்க பொம்பளைங்க ஏறி மிதிப்போம். சாக்கு மெத்தை மாதிரி ஆனாத்தான் லோரியில் ஏத்துவோம். கட்டியோட உரம் மலைக்குப் போனா தண்டலுக்குத் திட்டு விழும்.

அன்னைக்குக் காலையிலும் அவர் அதைத்தான் செஞ்சார். நான் போறதுக்குள்ள கொஞ்சம் சாக்கு அடிச்சு முடிச்சுட்டார். ரெண்டு பொம்பளைங்க மேல ஏறி நின்னு மிதிச்சுட்டு இருந்தாங்க. எனக்கு முதல்ல ஒண்ணும் தோணலை. வாசம்தான் வந்தது. தீப்பெட்டி உரசின மாதிரி வாசம். ஒரு சாக்கைப் பிரிச்சேன். அடியில் மஞ்சள் தூள் தனியா, வெள்ளை யூரியா தனியா கிடந்தது. பாதிக்கு மேல தோல் உரிஞ்ச குண்டு.

வெளியே லோரி எஞ்சின் ஓடிட்டு இருக்கு. கேங் முழுக்க உரம் அளக்கிற பால் டின்னோட ஏறி உட்கார்ந்தாச்சு. மேலே பெரிய துரை வந்து காத்திருக்கார், முதல் டின் போடறதைப் பார்க்க. மழை மேகம் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் கறுத்து நிக்குது. எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருந்தா அன்னைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

மிதிக்கிறவங்களை இறங்கச் சொன்னேன். அடிச்ச சாக்கையெல்லாம் ஓரமாத் தள்ளச் சொன்னேன். சுப்பையா அண்ணனுக்கு முகம் தொங்கிப் போச்சு.

"இத்தனை வருசமா அடிக்கிறேன் தாயி. ஒரு சாக்கு கட்டியோட என் ஸ்டோரைத் தாண்டினதில்லை."

"உங்க கையில குத்தம் இல்லண்ணே. இந்தச் சாக்குதான் வேற சாதி."

அடிக்காத சாக்கை மட்டும் ஏத்தினேன். மேலே போனதும், சின்ன துரை கேட்கறதுக்கு முன்னாடி நானே விசயத்தைச் சொன்னேன். இதை ஞாபகம் வச்சுக்குங்க. கெட்ட சேதியை அவங்களாக் கண்டுபிடிக்க விடக் கூடாது. அவர் ரெண்டு கிளாஸில் தண்ணி கொண்டுவரச் சொன்னார். ஒண்ணில் முழுக் குண்டு, ஒண்ணில் உடைஞ்ச குண்டு. உடைஞ்சது டீயில் போட்ட சீனி மாதிரிக் கரைஞ்சு போச்சு. முழுசு அப்படியே உட்கார்ந்திருந்தது. பெரிய துரையும் பக்கத்தில் நின்னு பார்த்தார்.

சின்ன துரை தமிழில் மெதுவா என்கிட்ட, "தப்பு என்னுது தண்டல். போடற விதத்தைச் சொன்னேன், தூக்கற விதத்தைச் சொல்லலை"ன்னார்.

உடைஞ்சது எல்லாம் சமதரையில் இருக்கிற நாலாம் நம்பருக்கு, சாதா யூரியாவாட்டம் போகட்டும்னு முடிவாச்சு. ஒன்பதாம் மலைக்கு அதனால் உரம் பத்தலை. கிழக்கு ஓரத்தில், மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பட்டை வெறுமனே நின்னுது.

மத்தபடி அன்னைக்கு நாங்க வேலை பார்த்த மாதிரி எப்பவும் பார்த்ததில்லை. சாக்கை யாரும் தொப்புன்னு போடலை. குழந்தையை இறக்குற மாதிரி இறக்கினோம். குண்டு உருளும், சரிவில் வீசினா வாய்க்காலுக்கு ஓடிடும். அதனால் வழக்கம்போல வீசாம, செடிக்கு மேல்பக்கம் குனிஞ்சு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட குப்பையை விலக்கி, உள்ளே வச்சு மூடினோம். இடுப்பு ஒடிஞ்சது. முனியம்மா, "முட்டை வைக்கிற கோழி ஆயிட்டோம்க்கா"ன்னா. அதிலிருந்து அந்த உரத்துக்கு முட்டைன்னே பேர் விழுந்துருச்சு.

அப்புறம்தான் கஷ்டம். போட்டு முடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. காத்திருக்கிறதுதான் பெரிய வேலை.

யூரியா போட்டா ஒரு வாரத்தில் செடி கரும்பச்சையாக் கறுக்கும். ஒன்பதாம் மலை கறுக்கலை. குப்பையை விலக்கினா மஞ்சள் குண்டு வச்சது வச்சபடி இருக்கு. அடுத்த வாரமும் இருக்கு. மாசம் ஆச்சு, அப்பவும் இருக்கு. கொழுந்து கேங் பொம்பளைங்க என்னைப் பார்த்தா, "தண்டலக்கா, முட்டை பொரிச்சுருச்சா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தி, ராத்திரிக்குப் போய் அடை உட்காருங்கன்னா. சுப்பையா அண்ணன் மட்டும் சிரிக்கலை. அவர் கட்டையைச் சுவரில் சாய்ச்சு வச்சுட்டு என்னைப் பார்த்துக்கிட்டே இருப்பார். அடிச்சிருந்தா கரைஞ்சிருக்கும்லன்னு அந்தப் பார்வை கேட்கும்.

நான் தினம் ஒரு தடவை மலையேறுவேன். நாலு செடியடியில் நாலு குண்டு எடுத்து நசுக்கிப் பார்ப்பேன். முதல்ல எல்லாம் கெட்டி. அப்புறம் ஒண்ணு ரெண்டு அமுங்கிச்சு. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி, மிச்சம் வெறும் தோல். அடுத்தடுத்த வாரம் அமுங்கறது கூடிட்டே வந்தது. இதை யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா யார் நம்பப் போறா?

அந்தச் சமயம் பார்த்துச் சின்ன துரை ஈப்போ போனார். தாப்பா ரோட்டில் மண் சரிஞ்சு, திரும்ப முடியலை. டெலிபோன் கம்பியும் அறுந்து கிடந்தது. பெரிய துரை மலைக்கு வந்து, குப்பையை விலக்கி, மஞ்சள் குண்டைப் பார்த்துட்டுப் போனார். மறுநாள் பெரட்டில் பெரிய கிராணி என்கிட்ட வந்தார்.

"தண்டல், உத்தரவு வந்திருக்கு. புது உரம் கரையவே இல்லை. இன்னைக்கே ஒன்பதாம் மலைக்கு யூரியா போடணும்."

யூரியா சாக்கு மலையடியில் இறங்கியாச்சு. கேங் டின்னோட நிக்குது.

போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உள்ளே பாதிக் குண்டு வேலை செஞ்சுட்டு இருக்கு. மேல யூரியாவும் விழுந்தா, செடி கறுத்தாலும் எது கறுக்க வச்சுதுன்னு யாரும் சொல்ல முடியாது. கருகினா மலையோட கதை முடிஞ்சுது. போடலைன்னா உத்தரவை மீறினவ நான்.

"சரிங்க கிராணி. அதுக்கு முன்னாடி துரை ஒரு தடவை மலைக்கு வந்தா நல்லது"ன்னேன்.

"நேத்துத்தானேலா வந்துட்டுப் போனார்? நீ அவரை வரச் சொல்றியா?"

"வரச் சொல்லலை. வந்தா நல்லதுன்னு சொல்றேன்."

"நான் எப்படிம்மா போய் இதைச் சொல்றது?"

"தண்டல் மலையில உட்கார்ந்திருக்கான்னு சொல்லுங்க. அது போதும்."

அவர் தலையில் அடிச்சுக்கிட்டுப் போனார். நான் யூரியா சாக்கு மேலேயே உட்கார்ந்தேன். முனியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தா.

"அக்கா, வேலை போச்சுன்னா என்ன செய்வீங்க?"

"உன் வீட்டில சாப்பிடறேன்."

"என் வீடே போயிருமேக்கா."



பெரிய துரையோட ஜீப் மேலேறி வந்தது. அவர் முகம் நல்லா இல்லை. அவருக்கும் எனக்கும் மலாய்தான் பேச்சு. நான் எதுவும் விளக்கலை. செடியடியில் கை விட்டு ஒரு பிடி குண்டு எடுத்து அவர் கையில் வச்சேன். அமுக்குங்க துரைன்னேன்.

ஒரு குண்டை அமுக்கினார். அமுங்கிப் போச்சு. விரலில் மஞ்சளும் ஈரமும். இன்னொண்ணு, அதுவும் அப்படித்தான். மூணாவது கெட்டியா நின்னுது. நகத்தால் கீறினார், உள்ளே வெள்ளை. அவர் மலையேறினார். அங்கங்கே முட்டி போட்டு, குப்பையைக் கிளறி, தானே எடுத்து அமுக்கிப் பார்த்தார். பேண்ட் எல்லாம் சேறு. நான் பின்னாடியே நின்னேன்.

கடைசியில் கேட்டார். பாதி காலியாயிருக்குன்னா இலை ஏன் கறுக்கலை?

தெரியலைன்னேன். எனக்கு நிசமாவே தெரியலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லியிருந்தா, தெரிஞ்சதையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அவர் திரும்பி மலையைப் பார்த்தார். அப்புறம் அவரே சொன்னார். சாக்கில் எழுதியிருக்கிற நாள் கணக்கு சூட்டு நாட்டுக்கு. இங்கே குளிர். இங்கே தோல் மெதுவாத்தான் விடும். செடியும் பசியில் கிடந்தது, வந்ததையெல்லாம் வேரில் வாங்கிட்டு இருக்கும். இது எனக்குத் தோணலை. அவருக்குத்தான் தோணிச்சு.

இறங்கும்போது கிழக்கு ஓரத்துப் பட்டையைக் காட்டி, அது ஏன் வெறுமனே இருக்குன்னு கேட்டார். அன்னைக்கு அடிபட்ட சாக்குன்னு ஞாபகப்படுத்தினேன். அந்தப் பட்டைக்கு மட்டும் இன்னைக்கு யூரியா போடு, மத்ததைத் தொடாதேன்னார். ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், மலையே சொல்லட்டும்.

போட்டோம்.

சொன்னா நம்ப மாட்டீங்க, பட்டை ஒரு வாரத்தில் கறுத்துச்சு. பளபளன்னு நின்னுது. நாங்க பாடுபட்ட மலை வெளிறியே கிடந்தது. கொழுந்து கேங் கைதட்டிச் சிரிச்சுது. ரோட்டில் இருந்து பார்த்தாலே தெரியும், எங்க தோல்வி பட்டை கட்டி நிக்கிற மாதிரி. அந்த வாரம் நான் சாப்பிட்டதே ருசிக்கலை. ஆனா தினம் மலையேறினேன். குண்டு அமுங்கிட்டே வந்தது.

அப்புறம் பெரு மழை. கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டமெல்லாம் மண்ணோட இறங்கிச்சுன்னு சொன்னாங்க. நாள் கணக்கா மலை கண்ணுக்கே தெரியலை, ஒரே மூட்டம். வாய்க்கால் கறுப்பா ஓடிச்சு.

மழை விட்ட காலையில் பெரட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கோம். முனியம்மா முன்னாடி போனவ, ரோட்டு வளைவில் நின்னுட்டா. நான் என்னடின்னேன். அவ மலைப் பக்கம் கையை நீட்டினா.

மலை கறுத்து நிக்குது. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கரும்பச்சை, அது மேலே புதுக் கொழுந்து வெளிர்பச்சையா, பாய் விரிச்ச மாதிரி. கிழக்கு ஓரத்தில் மட்டும் பட்டை வெளுத்துக் கிடக்கு. அதுக்குப் போட்ட யூரியா ரிங்லெட் அணைக்குப் போயாச்சு.

அந்த முறை கொழுந்து எடுத்த ரவுண்டில் கொழுந்து கேங்குக்குக் கூடை பத்தலை. சாக்கில் கட்டினாங்க. மத்தியானத்துக்குள்ள லோரி போய்த் திரும்பி வந்தது. அடை உட்காரச் சொன்னவ நிறுவை இடத்தில் முதுகு வளைஞ்சு நின்னா. என்னைப் பார்த்து, "முட்டை பொரிச்சது சரிக்கா, இவ்வளவு குஞ்சா?"ன்னா. அடுத்த ரவுண்டிலும் அப்படியே வந்தது, அதுக்கடுத்த ரவுண்டிலும். யூரியா போட்ட காலத்தில் ஒரு ரவுண்டு வந்தா மறு ரவுண்டு படுத்துரும். இது படுக்கலை.

சின்ன துரை அதுக்குள்ள திரும்பி வந்திருந்தார். பெரிய துரை அவரையும் என்னையும் அந்தப் பட்டை ஓரத்தில் நிக்க வச்சு, மேல் ஆபீஸ் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினார். இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது, நடுவில் ஒரு கோடு. வேற எதுவும் அவர் சொல்ல வேண்டியிருக்கலை. வந்தவங்களும் கேட்கலை.

சுப்பையா அண்ணன் அன்னையிலிருந்து ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சார். அவர் சாக்கை அடிச்சதாலதான் பட்டை வந்ததாம், பட்டை வந்ததாலதான் மலை தப்பிச்சதாம். யோசிச்சா அதுவும் சரிதான். மறுத்துப் பேச எனக்கு மனசு வரலை. ஆனா கட்டையை அவரே எடுத்து விறகுக்கு வெட்டிட்டார்.

ஒரு காலைப் பெரட்டில் பெரிய கிராணி வாசிச்சார். ஒன்பதாம் மலை இருக்கும். மேல் லயம் இருக்கும். உரம் போடற நாள் குறையும், மிச்ச நாளுக்கு உர கேங் அந்த மலையில் செத்த செடிக்குப் பதில் புதுக் கன்னு வைக்கணும். கூட்டம் சத்தம் போட்டுச்சு. முனியம்மா கோழி மாதிரிக் கொக்கரிச்சா. பெரிய துரைக்கு என்னன்னு புரியலை, சின்ன துரை காதில் சொன்னதும் சிரிச்சுட்டார். நான் டின்னை எடுத்துட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் அடுப்பு பத்த வச்சுட்டு இருக்கேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"அக்கா, ஒரு தடவை இருமுங்க."

இருமினேன்.

"ம். இங்கதான் இருக்கீங்க."

அவ்வளவுதான் கதை. மேல் லயம் இன்னும் இருக்கு, உங்களில் ரெண்டு பேர் அங்கதான் குடியிருக்கீங்கன்னு கிராணி சொன்னார். நாளைக்கு உங்களுக்கு ஒன்பதாம் மலையில் வேலை. இப்போ வர்ற உரத்துக்குத் தோல் வேற, நிறம் வேற. ஆனா தோல் தோல்தான். செடியடியில் குண்டு அப்படியே கிடக்குன்னு யாராவது சத்தம் போட்டா, பேசாம ஒண்ணு எடுத்து அவங்க கையில் வச்சு அமுக்கச் சொல்லுங்க.

சாக்கை அடிக்காதீங்க.